வேலை முடிந்ததும் கரைந்துபோகும் கருவிகள்

நிலவில் முதன்முதலாகக் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் 2012 ஆகஸ்டில் இறந்தார். இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர் தேறிவருவதாகத்தான் முதலில் செய்தி வந்தது. துடிப்பு தடுமாறினால் கைகொடுக்கட்டும் என்று பொருத்தியிருந்த தற்காலிக பேஸ்மேக்கரின் கம்பிகளை எடுத்தபோது உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டது. அதிலிருந்து அவர் மீளவில்லை. இந்த விவரம் பத்திரிகைகளில் வருவதற்கு 2019 ஆகிவிட்டது.

இதய அறுவைச் சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கம்பிகள் அன்றாடக் காட்சி. இதயத் தசையின் மேல் மெல்லிய கம்பிகளைப் பதித்து, மார்புத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, படுக்கையருகே இருக்கும் ஒரு பெட்டியில் இணைப்பார்கள். நோயாளிக்கு அது தேவைப்படுவது பெரும்பாலும் சில நாட்கள்தான். தேவை முடிந்ததும் வெளியிலிருந்து பிடித்து இழுத்து எடுத்துவிடுவார்கள். மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்தச் சில நாட்களிலும் உடம்பு சும்மா இருப்பதில்லை; அந்நியப் பொருளைச் சுற்றி வடுத்திசுவை வளர்க்கத் தொடங்கிவிடுகிறது. இழுக்கும்போது கம்பியோடு தசையும் பிய்ந்துகொண்டு வந்தால் விபரீதம். கம்பி வெளியே வரும் துளை வழியாகக் கிருமி உள்ளே போகவும் இடமுண்டு.

துடிப்பைக் கணிப்பதும் சீராக்குவதும் மருத்துவம் எப்போதோ தீர்த்துவிட்ட கணக்குகள். வேலை முடிந்த கருவியை என்ன செய்வது என்பதுதான் தீராமல் கிடந்தது. உடல்நிலையைக் கண்காணிக்கும் பொறியியலும் புதிய பொருள்களைத் தேடும் பொறியியலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கைகோத்திருப்பது இந்த இடத்தில்தான். இதைப் பற்றி வரும் செய்திகள் எல்லாவற்றின் மீதும் ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ என்ற முத்திரை தாராளமாகக் குத்தப்படுகிறது. அதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரிசிமணியைவிடச் சிறியது

2021 ஜூனில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பொறியாளர் ஜான் ரோஜர்ஸும், இதய மின்னியல் ஆய்வாளர் இகோர் எஃபிமோவும், அவர்களுடைய குழுவினரும் ஒரு புதுவகை பேஸ்மேக்கரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வெளியே நீளும் கம்பி இல்லை, பேட்டரியும் இல்லை. தடிமன் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். எடை அரை கிராமுக்கும் குறைவு. மெட்ரோ ரயில் நிலைய வாயிலில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறதே, அதே முறையில் வெளியிலிருக்கும் ஆன்டெனாவிலிருந்து இதற்கு மின்சாரம் போகும். ஐந்து முதல் ஏழு வாரங்களில் மொத்தக் கருவியும் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில், அதே குழு அதைவிடச் சிறிய ஒன்றைக் காட்டியது: 3.5 மி.மீ. நீளம், 1.8 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன். அரிசிமணியைவிடச் சிறியது என்று உலகம் முழுவதும் தலைப்பிட்டார்கள். ஊசி வழியாகவே உடலுக்குள் செலுத்திவிடலாம். முந்தைய கருவியை இந்த அளவுக்குச் சுருக்க முடியாமல் தடுத்தது அதன் ஆன்டெனா. புதிய கருவியில் ஆன்டெனாவையே கைவிட்டுவிட்டார்கள். வெவ்வேறு உலோகங்களால் ஆன இரண்டு மின்முனைகள் உடல்நீரில் நனையும்போது அதுவே ஒரு குட்டி மின்கலமாகிவிடுகிறது. மின்கலத்துக்குள் மின்னூட்டத்தைக் கடத்தும் திரவமான எலெக்ட்ரோலைட்டாக உடம்பே ஆகிவிடுகிறது. அதை இயக்கும் கட்டளை மார்பின் மேல் ஒட்டியிருக்கும் மென்மையான பட்டையிலிருந்து வருகிறது. பட்டை இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு பிசகினால் அகச்சிவப்பு ஒளியை மினுக்கும். அந்த ஒளி தோல், எலும்பு, தசை எல்லாவற்றையும் கடந்து உள்ளே போய் ஒரு சுவிட்சைத் தட்டும். இதயத்துக்கு ஒரு மின்துடிப்பு கிடைக்கும்.

இவ்வளவு சிறிதாக்க வேண்டிய கட்டாயம் பிறந்த குழந்தைகளால் வந்தது. ஏறக்குறைய நூறில் ஒரு குழந்தை இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. அவர்களில் அறுவைச் சிகிச்சை செய்யப்படும் குழந்தைகளுக்குப் பேஸ்மேக்கரின் துணை தேவைப்படுவது சுமார் ஏழு நாட்கள். அதற்குள் இதயம் தானாகச் சரியாகிவிடும். அந்த ஏழு நாட்களுக்காக எலுமிச்சங்காய் அளவு இதயத்தில் கம்பியைப் பதித்து, பிறகு இழுத்து எடுப்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஆராய்ச்சியின் அவசரம் புரியும்.

இதுவரை இந்தக் கருவி சோதிக்கப்பட்டிருப்பது விலங்குகளிலும், இறந்தவர்கள் தானமாகத் தந்த இதயங்களிலும்தான். தலைப்புச் செய்திகளில் இந்த வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஒளிந்துகொள்ளும். அதனால் இங்கே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சிலிக்கான் கரையுமா?

கரையும். மின்னணுப் பொறியாளர்களில் பெரும்பாலோர் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நீரோடு சேர்ந்தால் சிலிக்கான் மெல்ல மெல்ல சிலிசிக் அமிலமாக மாறுகிறது. நிலத்தடி நீரிலும் தானியங்களிலும் இயல்பாகவே இருக்கும் பொருள் அது. தினமும் நாம் உட்கொண்டு சிறுநீரில் வெளியேற்றுவது. ஆனால் உடல் வெப்பநிலையில் கரையும் வேகம் ஒரு நாளைக்குச் சில நானோமீட்டர்தான். (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) வழக்கமான சிப் செய்யப் பயன்படும் சிலிக்கான் தகட்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அந்த வேகத்தில் அது கரைந்து முடிய நூற்றாண்டுகள் ஆகும். ரோஜர்ஸ் குழுவின் முக்கியமான நகர்வு இங்கேதான். சிப்பில் மின்சுவிட்சாக இயங்கும் டிரான்சிஸ்டர் உண்மையில் வேலை செய்வது தகட்டின் மேல்புறத்தில் இருக்கும் நூறு நானோமீட்டர் அளவிலான பகுதியில் மட்டும்தான். மற்றதெல்லாம் அதைத் தாங்கும் பீடம். பீடத்தைத் தூக்கியெறிந்துவிட்டு அந்த மெல்லிய ஏட்டை மட்டும் உரித்தெடுத்துப் பயன்படுத்தினால், நூற்றாண்டுக் கணக்கு வாரக் கணக்காகிவிடுகிறது. 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இதைச் செய்துகாட்டினார்கள். கம்பிகளுக்குத் தாமிரத்துக்குப் பதில் மக்னீசியம். மின்காப்புக்கு மக்னீசியம் ஆக்சைடு. எல்லாவற்றையும் தாங்கவும் மூடவும் பட்டு.

ஆம், பட்டுதான். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபியொரென்ஸோ ஒமெனெட்டோ அந்த ஆய்வில் பங்காளி. பட்டுப் புரதத்தை ஒளியியல், மின்னணுக் கருவிகளுக்குப் பயன்படுத்துவதில் பல ஆண்டுகள் செலவிட்டவர். மூலப்பொருள் காஞ்சிபுரத்துத் தறிக்கு வரும் அதே மல்பெரி பட்டுப்புழுவின் கூடுதான். முதல் படியும் சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமான வேலைதான்: கூட்டை வெட்டிச் சலவைச் சோடா கலந்த கொதிநீரில் போட்டுக் காய்ச்சுவார்கள். நூல்களை ஒட்டவைத்திருக்கும் பசையான செரிசின் கழன்றுவிடும். ஃபைப்ராயின் என்ற இழைப் புரதம் பஞ்சுபோல் மிஞ்சும். பட்டறையில் அது சாயத்துக்குப் போகும். ஆய்வகத்தில் லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, உப்பை நீக்கி, தேன் நிறத் திரவமாக்கி, கண்ணாடிபோன்ற மெல்லிய படலமாகக் காயவைப்பார்கள். அந்தப் படலத்தை எப்படிக் காயவைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது தண்ணீர் பட்டவுடன் கரையும், அல்லது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். புரதத்தின் மடிப்புகள் எந்த அளவுக்கு ஒழுங்காக அடுக்கப்படுகின்றன என்பதுதான் வித்தியாசம். இந்தப் பொருளுக்கு இருக்கும் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. அதன் ஆயுளை முன்கூட்டியே நிர்ணயிக்க முடிவதில் இருக்கிறது.

பிந்தைய கருவிகளில் பட்டின் இடத்தைப் பெரும்பாலும் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் பிடித்துக்கொண்டது. லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் சங்கிலியாகக் கோத்துச் செய்யப்படுவது. இதன் பெயர் புதிதாகத் தெரிந்தாலும் இதன் குடும்பம் நம்மில் பலருடைய உடம்புக்குள் ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது. தையல் பிரிக்க வரவேண்டாம், நூல் தானே கரைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லும் நூல்களில் பல இந்த வகைதான். அதற்கு முன் ஆட்டுக்குடலிலிருந்தும் மாட்டுக்குடலிலிருந்தும் எடுத்த நூலால் தைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் செயற்கையான கரையும் நூல்கள் சந்தைக்கு வந்தன. அரை நூற்றாண்டாக மனித உடலில் பயன்பட்டுவரும் பொருள் என்பதால் அது பாதுகாப்பானதா என்ற கேள்விக்குப் புதிதாகப் பதில் தேட வேண்டியதில்லை. மின்னணுப் பொறியாளர்கள் அறுவைச் சிகிச்சை அரங்கின் அலமாரியிலிருந்து கடன் வாங்கினார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

கடினமான பகுதி கரையவைப்பது அல்ல. வேலை நடக்கும் நாட்களில் துளியும் கரையாமல் இருந்து, பிறகு கரையவைப்பதுதான். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும் ஒரு சென்சார் காட்டும் எண்ணை மருத்துவர் எப்படி நம்புவார்? அதனால் ஆராய்ச்சியின் பெரும்பகுதி மேலுறையைச் சுற்றியே நடக்கிறது. உறை நீரைத் தடுத்துவைத்திருக்கும்வரை கருவி புத்தம்புதிதாக இருக்கும். உறை விட்டுக்கொடுத்ததும் சட்டென்று உள்ளே இருப்பவை கரையத் தொடங்கும். நோயாளிக்கு நோயாளி உடல்நீரின் அமிலத்தன்மையும் திசுக்களின் எதிர்வினையும் மாறும் என்பதால் அந்த நாள் துல்லியமாக அமைவதில்லை. மக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் குமிழ்கள் வேறு உண்டாகின்றன. கருவியைச் சிறியதாக வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வழியில் வந்த கண்காணிப்புக் கருவிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2016இல் ரோஜர்ஸ் குழுவும் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் சேர்ந்து, தலையில் அடிபட்டவர்களின் மண்டைக்குள் ஏறும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கரையும் சென்சாரை எலிகளில் பரிசோதித்தார்கள். இன்று இந்த அழுத்தத்தை அளக்க மண்டையோட்டில் துளையிட்டுக் கம்பியோடு ஒரு கருவியை இறக்குகிறார்கள். மீண்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பேஸ்மேக்கர் கம்பியின் கதையே.

இரண்டாவது, 2024 மார்ச்சில் வெளிவந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான், ஏனென்றால் இதில் மின்னணுவே இல்லை. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து மீண்டும் தைத்தபின், அந்தத் தையலில் கசிவு ஏற்படுவது உயிருக்கே ஆபத்தானது. காய்ச்சலும் வலியும் வந்து மருத்துவர் கண்டுபிடிப்பதற்குள் நிலைமை முற்றிவிடும். இதற்கு ரோஜர்ஸ் குழு செய்தது, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஹைட்ரோஜெல் என்ற பொருளால் ஆன ஒரு மெல்லிய வில்லை. அதற்குள் சில சின்னஞ்சிறு உலோகத் தகடுகள். கசிவு ஏற்பட்டால் சுற்றியுள்ள திரவத்தின் அமில-கார நிலை மாறும், ஜெல் உப்பும், தகடுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடும். வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தகடுகள் பளிச்சென்று தெரியும். இடைவெளியைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். பேட்டரி இல்லை, ஆன்டெனா இல்லை, சிப் இல்லை, செயலி இல்லை. வட்டத் தலைமை மருத்துவமனையில்கூட இருக்கும் ஸ்கேன் இயந்திரமே போதும். சில வாரங்களில் ஜெல்லும் தகடும் கரைந்துவிடும். இதுவும் விலங்குப் பரிசோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது.

கையில் ஒட்டியிருக்கும் வில்லை

இதுவரை சொன்னவை ஆய்வகத்தின் சாதனைகள். கழிவு சேர்வது வேறிடத்தில்: சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார்களில்.

2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஆய்வு அது. இவர்களில் மிகச் சிலர்தான் இன்று தொடர் சென்சார் அணிகிறார்கள். ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கான ரூபாய். ஆனால் விலை இறங்குகிறது, தேவை ஏறுகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஸ்டெலோ என்ற சென்சாரை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்று அனுமதித்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளாதவர்களுக்கும், உடம்பைக் கவனித்துக்கொள்ள விரும்பும் சாதாரண மனிதர்களுக்கும் கதவு திறந்துவிட்டது.

மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் இந்த வில்லையைப் பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கும்? அபோட் நிறுவனத்தின் லிப்ரே வகையை எடுத்துக்கொள்வோம். தோலுக்குள் போவது சுமார் 5 மி.மீ. நீளமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமும் கொண்ட ஓர் இழை மட்டுமே. அதன் முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸை அந்த நொதி ஆக்சிஜனேற்றம் செய்யும்போது எலெக்ட்ரான்கள் கிடைக்கின்றன. அந்த மின்னோட்டத்தின் அளவே சர்க்கரையின் அளவு. லீலண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்த அடிப்படையிலிருந்து இது பெரிதாக விலகவில்லை. ரத்தத்தை நேரடியாக அளக்காததால் காட்டும் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். இழையைத் தவிர மீதி எல்லாம் பிளாஸ்டிக் கூடு, சர்க்யூட் பலகை, புளூடூத் சிப், பொத்தான் பேட்டரி, பசைத்துணி. ஒட்டுவதற்கு உதவும் பிளாஸ்டிக் அழுத்தி தனி. அதன் உள்ளே ஓர் எஃகு ஊசி.

பதினான்கு நாட்கள் முடிந்ததும் வில்லை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அந்தக் கெடு ஏன் என்று பலர் கேட்கிறார்கள். வியாபாரத் தந்திரம் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. வியாபாரம் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் உயிரியலும் இருக்கிறது. நொதி நாளடைவில் வீரியம் இழக்கும். இழையைச் சுற்றி உடம்பு ஒரு திரையைக் கட்டத் தொடங்கும். தோலின் மேலடுக்கு உதிர்ந்து பசை பிடிப்பை விட்டுவிடும். ஆக, காலாவதியாவது நொதியும் பசையும். சிப்புக்கு ஒன்றும் ஆவதில்லை; அது பல ஆண்டுகள் ஓடும். இரண்டு வார ஆயுள் உள்ள ஒன்றோடு பல்லாண்டு ஆயுள் உள்ள ஒன்றைப் பிரிக்க முடியாமல் சேர்த்து ஒட்டி, இரண்டையும் ஒன்றாகக் குப்பையில் போடுகிறோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 26 வில்லைகள்.

இது தவிர்க்க முடியாததா? இல்லை என்பதற்கு இதே தொழிலின் வரலாறே சாட்சி. டெக்ஸ்காமின் ஜி6 மாதிரியில், அளவைக் கம்பியில்லாமல் வெளியே அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் தனியாகக் கழன்று வரும். பத்து நாளுக்கொரு முறை சென்சாரை மாற்றினாலும் அதே டிரான்ஸ்மிட்டரை மூன்று மாதம் வரை பயன்படுத்தலாம். மெட்ரானிக் நிறுவனத்தின் கார்டியன் டிரான்ஸ்மிட்டரை சார்ஜ் செய்து ஓர் ஆண்டு பயன்படுத்தலாம். அடுத்து வந்த ஜி7இல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது: ஒட்டு, பயன்படுத்து, மொத்தமாக எறி. அணிபவருக்கு அது வசதிதான். சின்னதாக இருக்கிறது, பொருத்துவது எளிது, கழற்றி மாட்டும் இடத்தில் தண்ணீர் புகும் தொல்லை இல்லை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த வசதி சிறிய விஷயமல்ல. ஆனால் பொருள்களின் கணக்கில் பார்த்தால் தொழில்நுட்பம் இங்கே ஓர் அடி பின்னால் போயிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

நேரெதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடக்கிறது. எவர்சென்ஸ் என்ற சென்சாரில் நொதியே கிடையாது. குளுக்கோஸ் வந்து ஒட்டினால் ஒளிரும் ஒரு பாலிமரைப் பயன்படுத்துகிறார்கள். நொதியைப்போல் அது சீக்கிரம் சோர்ந்துபோவதில்லை. சிறு மாத்திரைக் குழாய் போன்ற சென்சாரை மருத்துவர் தோலுக்கடியில் வைப்பார். மேலே சார்ஜ் செய்யக்கூடிய டிரான்ஸ்மிட்டரை ஒட்டிக்கொள்ள வேண்டும். 90 நாட்களில் தொடங்கி, 180ஆகி, 2024 செப்டம்பரில் 365 நாட்களுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. வைப்பதற்கும் எடுப்பதற்கும் சிறு கீறல் தேவை. எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனாலும், மட்கும் பிளாஸ்டிக்கில் கூடு செய்கிறோம் என்று அறிவிப்பதைவிட, 26 சென்சாரை ஒன்றாக்கும் வேதியியலே எனக்குப் பெரிய சூழல் சாதனையாகத் தெரிகிறது.

காரணம் இருக்கிறது. கருவி கரைந்துபோவதாலோ மட்கிப்போவதாலோ அதைச் செய்யச் செலவான ஆற்றல் திரும்பி வருவதில்லை. 2002இல் எரிக் வில்லியம்ஸும் சக ஆய்வாளர்களும் அன்றைய ஒரு நினைவக சிப்பை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். சிப்பின் எடை 2 கிராம். அதைச் செய்து பயன்படுத்த 1.6 கிலோ புதைபடிவ எரிபொருள், 72 கிராம் வேதிப்பொருள்கள், தயாரிப்புக்கு 32 கிலோ தண்ணீர். இன்றைய சிப்புகளுக்கு எண்கள் மாறியிருக்கும். ஆனால் கைக்கு வரும் பொருளுக்கும் அதன் பின்னால் எரிந்த பொருளுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு மாறவில்லை. தூசியில்லாத அறையின் காற்றை வடிகட்டவும், மிகத் தூய்மையான சிலிக்கானை உருவாக்கவும் செலவாகும் மின்சாரம் அந்தச் சிப்பு கரையக்கூடியதா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஆகவே உடலுக்குள் கரையும் கருவியை மருத்துவக் காரணத்துக்காக வரவேற்கலாம்; நோயாளிக்கு இரண்டாவது அறுவைச் சிகிச்சை மிச்சம், கிருமித்தொற்று மிச்சம். அதையே பூமியைக் காப்பாற்றும் கருவி என்று விற்க முயன்றால் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும்.

‘மட்கும்’ என்ற சொல்லுக்கும் நிபந்தனைகள் உண்டு. சோள மாவிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக், சுமார் 60 பாகை வெப்பத்தில் இயங்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் முறையாக மட்கும். பெருங்குடிக் குப்பைமேட்டிலோ கடலிலோ அது சாதாரண பிளாஸ்டிக்கைப்போலவே நெடுங்காலம் கிடக்கும். தையல் நூலின் உறவுக்காரப் பாலிமர்தான். ஆனாலும் இடம் மாறினால் குணமும் மாறுகிறது.

பேட்டரியில் மட்டும் உண்மையிலேயே புதிதாகச் சில முயற்சிகள் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் 2022இல் காகிதத்தில் அச்சிட்ட மின்கலத்தைக் காட்டியது. உப்பு ஊறிய காகிதம், ஒருபுறம் கிராஃபைட் மை, மறுபுறம் துத்தநாக மை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து உயிர்பெறும், கிடைத்தது 1.2 வோல்ட். மிலானில் மாரியோ கைரோனி குழு 2023இல் செய்தது இன்னும் வேடிக்கையானது: தின்னக்கூடிய மின்கலம். ஒரு முனையில் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின், மறுமுனையில் வெங்காயத்திலும் இருக்கும் குவெர்செடின், கடத்துதிறனுக்கு மருத்துவக் கரி, இடையில் கடற்பாசித் தாள், மேலே தேன்மெழுகு. 0.65 வோல்ட்டில் 48 மைக்ரோஆம்பியரைப் பன்னிரண்டு நிமிடம் தந்தது. விழுங்கும் சென்சார்களுக்கு அது உதவலாம். புளூடூத் சென்சாரைப் பதினான்கு நாள் ஓட்ட இது போதாது.

கொடைக்கானலில் நடந்தது

உடம்பை அளக்கும் கருவி வேலை முடிந்தபின் என்ன ஆகிறது என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கசப்பாகவே கற்றிருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. செய்தவை பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். உடைந்த கண்ணாடிகள் டன் கணக்கில் ஊருக்குள் பழைய பொருள் வியாபாரியிடம் கிடந்ததை 2001இல் மக்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை அதே ஆண்டு மூடப்பட்டது. பாதரசக் கழிவு 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பாதரச தெர்மாமீட்டர் மருத்துவத்தில் தோற்றுப்போன கருவி அல்ல. மலிவானது, துல்லியமானது, பேட்டரி கேட்காதது. அதைக் கைவிட வைத்தது அதனுள் இருந்த பொருள்தான். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013இல் ஏற்ற மினமாட்டா ஒப்பந்தம், அத்தகைய தெர்மாமீட்டர்களை நிறுத்த 2020 என்று கெடு வைத்தது.

சர்க்கரை சென்சாரில் பாதரசம்போல் கொடிய நஞ்சு இல்லை. ஆனால் அது எந்தக் கழிவு என்ற கேள்விக்கு விடை தெளிவாக இல்லை. இந்தியாவின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பயன்படுத்தி முடிந்த பொருளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அவை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. மருத்துவக் கருவிகளும் பட்டியலில் உண்டு. ஆனால் உடலுக்குள் பொருத்தப்பட்டவற்றுக்கும் தொற்றுக்குள்ளான பொருள்களுக்கும் விலக்கு. ஐரோப்பிய விதிகளிலும் ஏறக்குறைய இதே விலக்கு. பதினான்கு நாள் உடல்நீரில் ஊறிய இழையோடு கூடிய வில்லை எதில் சேரும்? மருத்துவமனையில் கழற்றினால் மருத்துவக் கழிவு விதிகள் இருக்கின்றன, நிறம் பிரித்த பைகள் இருக்கின்றன. இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் கழற்றப்படுவது வீட்டில், குளியலறையில். 2016இன் திடக்கழிவு விதிகள் வீட்டில் சேரும் ஊசிகளையும் பேட்டரிகளையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனி வகையில் வைத்தன. தெருவில் வரும் குப்பை வண்டியில் அதற்கென ஒரு கூடை இருப்பதை எத்தனை ஊர்களில் பார்க்க முடிகிறது?

விதி இப்படி மங்கலாக இருக்கும்வரை கழற்றி எடுக்கும் டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்புவதால் நிறுவனங்களுக்கு ஆதாயம் ஏதுமில்லை. உடல்நீர் பட்ட பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தால் மீதியைச் சாதாரண மின்னணுக் கழிவாகக் கருதலாம் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் தெளிவுபடுத்தினால், பிரிக்க முடிகிற வடிவமைப்புக்கு அதுவே காரணமாகிவிடும். மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மொத்தமாக வாங்கும்போது ஒப்பந்தத்தில் திரும்பப் பெறும் நிபந்தனையைச் சேர்ப்பது இன்னொரு வழி.

அதுவரை சென்சார் அணிகிறவர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஒட்டும்போது பயன்படும் அழுத்தியில் எஃகு ஊசி உள்ளேயே தங்கிவிடும். அதை மூடியைத் திருகி மூடாமல் குப்பையில் போடக் கூடாது. கழற்றிய வில்லையை இழை உள்ளே போகும்படி பசைத்துணியை மடித்து, கனமான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி மேல் எழுதிவைக்கலாம். சமையலறைக் குப்பையோடு கலந்தால் அதைக் கையால் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர். உள்ளே பேட்டரி இருப்பதால் குப்பைக் கிடங்கில் நசுங்கித் தீப்பிடிக்கவும் கூடும். டப்பா நிறைந்ததும் மருந்து வாங்கும் மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் வாங்கிக்கொள்வார்கள்.